மணல் மேட்டில் தொடங்கிய குழந்தைக் காப்பகம்

தலைநகரில் ஒரு பெரிய கட்டிடம் எழும்பினால் அதற்குத் திறப்பு விழா உண்டு. மந்திரி வருவார், நாடா வெட்டுவார். எத்தனை மாடி, எத்தனை கோடி ரூபாய் என்ற விவரமெல்லாம் மறுநாள் பத்திரிகையில் வரும். அந்தக் கட்டிடத்துக்கு மணலும் ஜல்லியும் சுமந்த சித்தாள் பெண்ணின் கைக்குழந்தை, வேலை நடந்த காலம் முழுவதும் பகல் வேளையில் எங்கே கிடந்தது என்ற விவரம் மட்டும் எதிலும் வருவதில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்ட ஒரு பெண்மணி டில்லியில் இருந்தார். அவர் பெயர் மீரா மகாதேவன். பெனே இஸ்ரேல் என்ற இந்திய யூத சமூகத்தில் பிறந்தவர். ஹிந்தியில் நாவல் எழுதியவர். கணவர் டி. கே. மகாதேவன் காந்திய எழுத்தாளர். அரசாங்க உத்தியோகமோ பெரிய பண வசதியோ துணையில்லாமல் இந்த அம்மையார் தொடங்கி வைத்த ஒரு காரியம், இன்று நாடெங்கும் பேசப்படும் குழந்தைக் காப்பகத் திட்டங்களுக்கு ஒரு முன்னோடியாக நிற்கிறது. வேலைக்காக ஊரை விட்டு வந்திருக்கும் நம் போன்ற குடும்பங்கள் அந்தக் கதையை அறிந்துகொள்வது நல்லது.

ராஜ்காட்டில் ஒரு கூடாரம்

1969-ம் ஆண்டு மகாத்மா காந்தியின் நூற்றாண்டு. அதையொட்டி ராஜ்காட் அருகே பெரியதொரு கண்காட்சிக்காகக் கட்டிட வேலைகள் நடந்தன. நூற்றுக்கணக்கான ஆணும் பெண்ணும் அங்கே வேலை செய்தார்கள். காந்தியின் வாழ்க்கையை மக்களுக்குக் காட்டுவதற்காக எழும்பிய அந்தச் சுவர்களின் ஓரத்திலேயே, செங்கல் குவியலுக்கும் மணல் மேட்டுக்கும் நடுவில், தொழிலாளிகளின் குழந்தைகள் புழுதியில் கிடந்தன. மீரா மகாதேவன் அங்கே கண்டது அப்படிக் கிடந்த ஒரு குழந்தையைத்தான்.

பார்த்துப் பரிதாபப்பட்டுப் போயிருக்கலாம். ஒரு வேளைப் பாலுக்குக் காசு கொடுத்துவிட்டும் போயிருக்கலாம். அவர் ஒரு கூடாரம் போட ஏற்பாடு செய்தார். வெயில் படாமல் குழந்தைகளைக் கிடத்த ஓர் இடம், பார்த்துக்கொள்ள ஓர் ஆள், குடிக்க நல்ல தண்ணீர், வேளைக்குப் பால். தொடக்கம் இவ்வளவுதான். "மொபைல் கிரெஷ்" என்று பிற்பாடு பெயர் பெற்ற ஸ்தாபனம் இந்தக் கூடாரத்தில்தான் பிறந்தது.

மொபைல் என்றதும் சக்கரம் வைத்த வண்டி என்று பலர் நினைப்பதுண்டு. இதில் வண்டி ஏதும் கிடையாது. கட்டிட வேலை எங்கே நடக்கிறதோ அங்கே காப்பகம் இருக்கும். வேலை முடிந்து தொழிலாளிகள் மூட்டை கட்டினால் காப்பகமும் மூட்டை கட்டி அடுத்த தளத்துக்குப் போகும். தாய் இருக்கும் இடத்தைத் தேடிக் காப்பகம் போக வேண்டும் என்பதே அதன் கருத்து. 1972-ல் பம்பாயிலும் பிறகு 1981-ல் புனாவிலும் இதே முறையில் காப்பகங்கள் தொடங்கின.

தூளியும் அபினும்

சித்தாள் வேலைக்குப் போகும் தாய் குழந்தையை என்ன செய்வாள்? நம் பெண்களுக்குத் தெரிந்த வழிகள் சிலவே. வேப்பமரம் இருந்தால் கிளையில் புடவைத் தூளி கட்டுவாள். மரம் இல்லாவிட்டால் சாரக் கம்புகளுக்கு நடுவே கட்டுவாள். சாரம் என்பது மேலே ஆள் நின்று வேலை செய்கிற இடம். செங்கல் விழலாம், கலவை விழலாம். மே மாதத்தில் டில்லியில் அடிக்கும் லூ காற்று எப்படியிருக்கும் என்பதை இங்கே ஒரு கோடையைக் கழித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜனவரிக் குளிர் அதற்குச் சளைத்ததல்ல.

இன்னொரு வழியும் இருந்தது. சொல்லவே மனம் கூசும் வழி. குழந்தை அழாமல் தூங்குவதற்காகக் கடுகளவு அபின் கொடுப்பது. பம்பாய்ப் பஞ்சாலைகளில் வேலை செய்த தாய்மார்கள் இப்படிச் செய்ததை 1920-களிலேயே அரசாங்க விசாரணைகள் பதிவு செய்திருக்கின்றன. அந்த மாத்திரைக்கு அங்கே "பாலகோலி" என்று பெயர். அந்தத் தாய்மார்களைக் கல் நெஞ்சக்காரிகள் என்று சொல்லிவிட முடியாது. இயந்திரத்தின் பக்கத்தில் குழந்தை தவழ்ந்து போவதைவிட அது தூங்குவதே மேல் என்று எண்ணியவர்கள் அவர்கள். அந்த அபின் குழந்தையின் பசியை மறைத்தது; மூச்சையே அடக்கிய நாட்களும் உண்டு.

ஆகவே கூடாரத்தில் முதல் வேலை குழந்தைகளைச் சுத்தம் செய்வதும் வயிறு நிறைய ஊட்டுவதுமாக இருந்தது. முகம் கழுவி, சட்டை மாற்றி, தொட்டிலில் போட்டு, வேளைக்குக் கிச்சடியும் பாலும் கொடுத்தார்கள். முலைப்பால் குடிக்கும் குழந்தைக்காகத் தாய் வேலைக்கு நடுவே வந்து போக வழி செய்தார்கள். டாக்டர் வந்து பார்த்து எடை, தடுப்பூசி விவரங்களைக் குறித்து வைக்கும் பழக்கமும் ஏற்பட்டது.

தம்பியைத் தூக்கி வந்த அக்கா

காப்பகம் நடத்தியவர்கள் மிகச் சீக்கிரத்தில் ஒன்றைக் கண்டுகொண்டார்கள். கைக்குழந்தை தனியாக வருவதில்லை. அதை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஏழு அல்லது எட்டு வயது அக்கா ஒருத்தி வருகிறாள். அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நான்கு வயதில் இன்னொன்று வருகிறது. கைக்குழந்தையை மட்டும் வாங்கிக்கொண்டு மற்ற இரண்டையும் வெளியே நிறுத்த முடியுமா?

இதிலிருந்து மூன்று பிரிவுகள் உண்டாயின. மூன்று வயதுக்கு உட்பட்ட சிசுக்களுக்குத் தொட்டில் அறை. மூன்று முதல் ஆறு வயது வரை விளையாட்டும் பாட்டும் கதையுமாகப் பால்வாடி. அதற்கு மேற்பட்டவர்களுக்கு எழுத்தும் கணக்கும் சொல்லிக் கொடுத்து, முடிந்தால் அருகிலுள்ள பள்ளியில் சேர்த்துவிடும் வகுப்பு. குழந்தைக் காப்பகம் என்று தொடங்கியது, முழுக் குடும்பத்துக்கும் கைகொடுக்கும் நிலையமாக மாறியது இப்படித்தான்.

இதில் உள்ள சூட்சுமத்தை நாம் கவனிக்க வேண்டும். நம் குடிசைப் பகுதிகளில் பெண் குழந்தை மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டாள் என்றால், ஃபீஸ் கட்ட முடியவில்லை என்பது காரணமாக இருப்பது குறைவு. தம்பி பிறந்திருக்கிறான் என்பதே காரணம். பள்ளிக்கூடம் எத்தனை கட்டினாலும் தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத வரை அக்கா அங்கே வந்து உட்கார முடியாது. தொட்டில் ஒன்று போட்டால் பள்ளியில் ஒரு பெஞ்சு நிரம்புகிறது.

பால்வாடி என்பதும் அங்கன்வாடி என்பதும் ஏற்கனவே நாட்டில் இருந்த சொற்களே. தாராபாய் மோடக் அம்மையார் 1945-ல் மகாராஷ்டிரத்தின் போர்டியில் கிராமக் குழந்தைகளுக்குப் பாலர் கல்வி நிலையம் தொடங்கி, அனுதாய் வாக் துணையோடு அதை வளர்த்தார். ஹரிஜனக் குழந்தைகள் பள்ளியைத் தேடி வராதபோது, அவர்கள் வீட்டு முற்றத்துக்கே ஆசிரியையை அனுப்பினார். அங்கன் என்றால் முற்றம். கிராமத்தில் முற்றம் உண்டு. கட்டிடத் தளத்தில் வாழும் கூலிக் குடும்பத்துக்கு முற்றமும் இல்லை, நிலையான முகவரியும் இல்லை. அந்த இடைவெளியைத்தான் ராஜ்காட் கூடாரம் அடைத்தது.

காண்டிராக்டர்களும் சட்டமும்

சட்டம் இல்லாமல் போகவில்லை. 1948-ம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டமும் 1951-ம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டமும் காப்பக அறை வைக்க வேண்டும் என்று கூறின. தொழிற்சாலையில் 50 பெண்களுக்கு மேல் வேலை செய்தால் வைக்க வேண்டும் என்றிருந்ததை 1976-ல் 30 என்று குறைத்தார்கள். கட்டிடத் தொழிலாளர்களுக்கென்று தனிச் சட்டம் வர 1996 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதிலும் 50 பெண்களுக்கு மேல் இருந்தால் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அறை வேண்டும் என்று விதி செய்யப்பட்டது.

விதியில் பெண்களை மட்டும் எண்ணச் சொன்னதால் ஒரு விபரீதம் விளைந்தது. மஸ்டர் ரோலில் பெண் பெயர் ஏறாவிட்டால் காப்பகம் வேண்டாம் அல்லவா? கணவன் மனைவி இருவரையும் ஜோடியாக வேலைக்கு எடுத்து, கணவன் பெயரில் மட்டும் கூலி எழுதும் வழக்கம் பல தளங்களில் இருந்தது. ஏட்டில் இல்லாத தாய்க்கு ஏட்டில் இல்லாத பிள்ளை!

கூலி விஷயம் எப்படி நடந்தது என்பதற்கு 1982-ம் ஆண்டு ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக டில்லியில் நடந்த கட்டிட வேலைகளே சாட்சி. அப்போது குறைந்தபட்சக் கூலி நாளொன்றுக்கு 9 ரூபாய் 25 காசு. ஆட்களைக் கூட்டி வந்த ஜமேதார்கள் தலைக்கு 1 ரூபாய் பிடித்துக்கொள்ள, தொழிலாளி கைக்கு வந்தது 8 ரூபாய் 25 காசு. விவகாரம் சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. குறைந்தபட்சக் கூலிக்குக் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது கட்டாய உழைப்புக்குச் சமம் என்றும், கட்டிட வேலையில் 14 வயதுக்கு உட்பட்டவர்களை அமர்த்தக் கூடாது என்றும் கோர்ட் அந்த ஆண்டே தீர்ப்பளித்தது.

இப்படிப்பட்ட சூழ்நிலையில் காண்டிராக்டரிடம் போய், "குழந்தைகளுக்கு ஓர் அறை கொடுங்கள், தண்ணீரும் மின்சாரமும் கொடுங்கள், செலவில் ஒரு பங்கும் கொடுங்கள்" என்று கேட்பது லேசான காரியம் அல்ல. மொபைல் கிரெஷ் ஊழியர்கள் அதைத் தளம் தளமாகக் கேட்டார்கள். குழந்தை பத்திரமாக இருந்தால் தாயின் கவனம் வேலையில் இருக்கும், விபத்து குறையும் என்று காண்டிராக்டருக்குப் புரியும் பாஷையில் எடுத்துச் சொன்னார்கள். மீரா மகாதேவன் 1977-ல் காலமானார். ஆனால் அவரோடு உழைத்தவர்கள் காரியத்தை விட்டுவிடவில்லை. அவசர நிலைக் காலத்தில் டில்லிக் குடிசைகள் இடிக்கப்பட்டு மக்கள் நகரின் ஓரங்களில் குடியேற்றப்பட்டதற்குப் பிறகு, அந்த மறுகுடியேற்றக் காலனிகளிலும் குடிசைப் பகுதிகளிலும் இவர்களுடைய வேலை பரவியது.

ஒரு தமிழ்ப் பெண்மணியின் அறிக்கை

இந்த முயற்சியில் தொடக்க காலத்திலிருந்தே பங்கு கொண்டவர்களில் மீனா சுவாமிநாதன் ஒருவர். விவசாய விஞ்ஞானி எம். எஸ். சுவாமிநாதனின் மனைவி என்று நாடு அவரை அறியும். தமிழ் வாசகர்களுக்கு இன்னொரு அடையாளமும் உண்டு. "வாசவேச்வரம்" நாவலை எழுதிய கிருத்திகாவின் மகள் அவர்.

ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் வளர்ச்சியை ஆராய மத்திய கல்வி ஆலோசனை வாரியம் அமைத்த குழுவுக்கு அவரே தலைவி. 1972-ல் வந்த அந்த அறிக்கை, குழந்தைக்குச் சோறு ஒரு இலாகா, ஊசி ஒரு இலாகா, பாடம் ஒரு இலாகா என்று பிரிக்காமல் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்க வேண்டும் என்று வற்புறுத்தியது. 1975 அக்டோபர் 2-ல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டம் 33 வட்டாரங்களில் தொடங்கப்பட்டது. இன்று ஒவ்வொரு பேட்டையிலும் நாம் காணும் அங்கன்வாடி அந்தத் திட்டத்தின் பிள்ளை. மீனா சுவாமிநாதன் 2022-ல் காலமானார்.

ஆனாலும் அங்கன்வாடிக்கும் காப்பகத்துக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அங்கன்வாடி அரை நாளோடு முடிந்துவிடும். சித்தாளுக்கும் வீட்டு வேலைக்காரிக்கும் அரை நாள் வேலை கிடையாது. மத்தியானம் குழந்தையை யார் கூட்டி வருவது? மறுபடி அந்த எட்டு வயது அக்காதான்! அங்கன்வாடியோடு காப்பகத்தையும் சேர்த்து நடத்தும் "பால்னா" திட்டத்தை மத்திய அரசு 2022-ல் அறிவித்தது இந்தக் குறையை உணர்ந்தே. பால்னா என்றால் தொட்டில்.

ரயில்வே கணக்கில் வராத பயணிகள்

டிக்கெட் கவுன்டரில் உட்காரும் எமக்கு இந்தப் பிரச்னை வேறு விதமாகக் கண்ணில் படும். தமிழ்நாட்டு ரயிலுக்கு ஒரு மூதாட்டியின் பெயரில் டிக்கெட் கேட்பார்கள். பக்கத்தில் ஒரு வயதோ இரண்டு வயதோ ஆன குழந்தை. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தனிப் படுக்கை கேட்காவிட்டால் டிக்கெட் இல்லை. ஆகவே இப்படி ஊருக்குப் போகும் குழந்தைகள் எத்தனை என்று எங்கள் ஏட்டில் வராது.

விழுப்புரம் பக்கத்துப் பெண் ஒருத்தி அப்படித்தான் தன் மாமியாருக்கு டிக்கெட் எடுக்க வந்திருந்தாள்.

"பிள்ளையை ஊருக்கு அனுப்புறியாம்மா?" என்று கேட்டோம்.

"ஆமாங்க சார். நாலு வீட்டுல வேலை செய்யறேன். தூக்கிட்டு வராதேங்கறாங்க. ரூமுல போட்டுப் பூட்டிட்டுப் போக மனசு வரலை."

"எப்போ திரும்பக் கூட்டிட்டு வருவே?"

"பள்ளிக்கூடத்துல சேர்க்கிற வயசு வரட்டும் சார். அதுவரைக்கும் என்னை அம்மான்னு சொல்லுமோ, எங்க அத்தையைச் சொல்லுமோ" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தபின் அவளிடம் சில்லறை கேட்க நமக்கு வாய் வரவில்லை.

ஊரில் பாட்டியோடு இருக்கும் குழந்தைக்குச் சோறு கிடைக்கும். தமிழ்நாட்டில் 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம், பள்ளிப் பிள்ளைகளோடு இரண்டு வயதுக்கு மேற்பட்ட பச்சைக் குழந்தைகளுக்கும் தட்டு வைத்தது. ஆனால் தாயும் தகப்பனும் 2,000 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறார்கள். சோறும் தாயும் ஒரே ஊரில் கிடைப்பதற்குத்தான் காப்பகம் வேண்டும் என்கிறோம்.

ஜங்புராவில் நம்மவர்கள் பல்லாண்டு வசித்த மதராசி கேம்ப் 2025 ஜூன் 1-ல் இடிக்கப்பட்டது. தகுதி உள்ளவர்கள் என்று கணக்கிடப்பட்ட குடும்பங்களுக்கு நரேலாவில் வீடு ஒதுக்கினார்கள். பெண்கள் வேலை செய்த வீடுகள் ஜங்புரா பக்கத்தில். நரேலாவோ 30 கிலோமீட்டருக்கும் அதிகத் தொலைவு. முன்பு பக்கத்துக் குடிசைப் பெரியம்மாவிடம் பிள்ளையை விட்டுவிட்டுப் போய் மத்தியானம் ஓடிவந்து பார்த்த தாய்க்கு இனி அது முடியாது. குடிசை இடிந்தால் வீடு மட்டும் போவதில்லை. பிள்ளை பார்த்துக்கொண்ட அந்தப் பெரியம்மாவும் வேறு திசைக்குப் போய்விடுகிறாள்.

நம்மவர் செய்யக்கூடியது

சங்கங்களுக்கு இங்கே குறைவில்லை. பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நன்றாகவே நடத்துகிறோம். அதோடு சேர்த்துச் செய்யக்கூடிய சில காரியங்களும் உண்டு.

முதலாவது, உங்கள் பேட்டையில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் எத்தனை என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். குறைந்தது 40 குழந்தைகள் இருந்து அங்கன்வாடி இல்லையென்றால், குடிசைப் பகுதி மக்கள் கேட்ட தேதியிலிருந்து 3 மாதத்துக்குள் அமைத்துத் தர வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 2006 டிசம்பர் 13-ல் உத்தரவிட்டிருக்கிறது. வாயால் கேட்டால் போதாது. மனுவாக எழுதி, பெயர்ப் பட்டியல் இணைத்து, கொடுத்த தேதிக்கு ரசீது வாங்க வேண்டும். மனு எழுதத் தெரிந்த குமாஸ்தாக்கள் நம்மில் எத்தனை பேர்! ஆளுக்கு ஒரு மனு எழுதினால் போதும்.

இரண்டாவது, அங்கன்வாடி ஏற்கனவே இருந்தால் வெளி மாநிலத்தார் என்று தயங்காமல் குழந்தையின் பெயரையும் கர்ப்பிணியின் பெயரையும் பதிவு செய்யுங்கள். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் வீட்டுக்கு எடுத்துச் செல்லும் சத்துப் பொருளும், அதற்கு மேற்பட்ட குழந்தைக்குச் சமைத்த உணவும் உண்டு. தடுப்பூசி அட்டையை ஊருக்கு ஊர் தொலைக்காமல் வைத்திருங்கள்.

மூன்றாவது, கட்டிட வேலை செய்பவர்கள் மஸ்டரில் மனைவியின் பெயர் தனியாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். நலவாரியப் பதிவுக்கு ஆண்டில் 90 நாள் வேலை செய்த விவரம் வேண்டும். பெயர் இல்லாவிட்டால் அதுவும் இல்லை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு, 50 தொழிலாளர்களுக்கு மேல் இருக்கும் இடத்தில் காப்பகம் என்கிறது. பெண்களை மட்டும் எண்ணும் பழைய முறை போய், ஆண்களையும் சேர்த்து எண்ணச் சொல்கிறது. பிள்ளை தகப்பனுக்கும் சொந்தம் என்று சட்டம் ஒப்புக்கொள்ள இத்தனை வருஷம் பிடித்திருக்கிறது. ஏட்டில் வந்தது தளத்திலும் வர வேண்டுமானால் கேட்பதற்கு ஆள் வேண்டும்.

நான்காவது, அரசாங்கம் வரும் வரை காத்திராமல் தெருவிலேயே தொடங்கலாம். ஓர் அறை, இரண்டு தூளி, நல்ல தண்ணீர், கை கழுவ சோப்பு, பொறுமையுள்ள இரண்டு பெண்கள், அவர்களுக்கு ஒழுங்காக மாதச் சம்பளம் கொடுக்கப் பத்துக் குடும்பங்களின் பங்கு. ராஜ்காட்டில் கூடாரம் போட்ட நாளில் இதைவிட அதிகமாக எதுவும் இருக்கவில்லை. சங்கத்துக் கட்டிடங்கள் பகலெல்லாம் பூட்டிக் கிடக்கின்றன. அவற்றின் சாவி யாரிடம் இருக்கிறதோ அவர்கள் முதலில் யோசிக்கலாம்.